நாற்பதும் ஐம்பத்தாறும்

ஜனவரி 28, புதன்

விடிய முதலே தூறல். கடல் இரைச்சல் குசினி வரை கேட்கிறது. துணி ஒன்றும் காயவில்லை.

சவர்க்காரமும் இறுகவில்லை, சோப்புக் கூழாகக் கிடக்கிறது.

நேற்று அஸர் தொழுதுவிட்டு அச்சில் ஊற்றியது. வழமையாக அடுத்த நாள் காலையில் கம்பி போட்டு அறுப்பேன். இன்று கத்தியை வைத்தால் தானாக உள்ளே போகிறது, எடுத்தால் பசை. மேலே மினுமினுவென்று எண்ணெய். பத்துக் கிலோ தே.எ. (தேங்காய் எண்ணெய்), கோமாரியிலிருந்து வந்த நல்ல வெள்ளை எண்ணெய். அவ்வளவும் இந்தக் கோலம்.

ஸஹ்ராவின் கல்யாணம் பெப்ரவரி 15. ஸஹ்ரா இவருடைய கடைசித் தங்கச்சி. மாப்பிள்ளைக்குக் கத்தாரில் லீவு குறைவு, அதனால் நோன்புக்கு முன்னமே அவசரமாக வைத்துவிட்டார்கள். வருகிற பெண்களுக்கு ஆளுக்கொரு சவர்க்காரம் கொடுப்பது மாமியின் யோசனை. மருதமுனையில் அவர் போய்ச் சொல்லாத வாசல் இல்லை. "கடையில வாங்கினதில்ல, என்ட மருமகள் காய்ச்சினது."

இதற்குள் கொட்டில் பிரச்சினை வேறு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. இந்த வீடும் வாப்பா எனக்குக் கட்டித் தந்தது, இவர் கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். ஆனால் பின்கொட்டிலைத் தன் கையால் அடித்ததால் அது தன்னுடையது என்பது இவர் கட்சி. ஒலுவில் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறார். பழைய எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே கழற்றிப் போட வேண்டுமாம். நான் சவர்க்காரம் காய்ச்சுவதும் அங்கேதான். போன கிழமை பேச்சு முற்றி ஓர் ஒப்பந்தம்: கல்யாணச் சவர்க்காரம் சரிவந்தால் கொட்டில் எனக்கு, வராவிட்டால் எஞ்சினுக்கு. வாயைக் கொடுத்தது நான்தான்.

இன்று: மீன் வாங்கவில்லை. பருப்பும் முட்டைப் பொரியலும். கையுறையில் ஓட்டை, புதிது வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

மழை விட்டது. பசை விடவில்லை.

மாமி மருதமுனையிலிருந்து இங்கே சாய்ந்தமருதுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். யார் சொன்னதோ. (வேறு யார், இவர்தான்.) நேராகக் கொட்டிலுக்குப் போய் அச்சை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன மகள், சவுக்காரமா வட்டலப்பமா? கரண்டியால தின்னலாம் போல இரிக்கு."

"இன்னும் இறுகல்ல மாமி."

"எப்ப இறுகும்? நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். ஏலாதெண்டா இப்பவே சொல்லு. கடையில பெட்டிக் கணக்கில எடுத்துக் குடுப்பம். சனத்துக்கு என்ன தெரியும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தடவல்தான் தாங்கவில்லை, குசினிக்குள் போய் அழுதேன். பிறகு வெங்காயம் உரித்தேன், யாரும் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கும் என்று.

பின்நேரம் இவர் அளவு நாடாவோடு கொட்டிலுக்குள். நீளம், அகலம், கதவின் அகலம்.

"என்ன அளக்கிறீங்க?"

"சும்மா புள்ள. கதவால போகுமா எண்டு."

ஆள் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டு நின்றது தெரிந்தது.

ஜனவரி 30, வெள்ளி

வெயில். வாடைக்காற்று கொஞ்சம்.

இவர் ஜும்ஆவுக்குப் போன பிறகு கொட்டிலில் தனியாக இருந்தேன். எண்ணெய் அதே எண்ணெய். தண்ணீர் அதே தண்ணீர். அளவும் அதே அளவு, ஒரு கிலோ தே.எ.க்கு நூற்றெண்பது கிராம் கோஸ்டிக், எண்ணெயைச் சவர்க்காரமாக்குகிற காரம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படியென்றால் மாறியது எது? கோஸ்டிக் தகரம் மட்டும் புதிது. கல்முனைக் கடையில் இந்தமுறை வேறு நிறத் தகரம் தந்தார்கள். மூடியைத் துடைத்துப் பார்த்தேன். லேபலில் பாதி கரைந்துபோயிருந்தது. மீதிப் பாதியில் மூன்று எழுத்து.

KOH.

வழமையான சோடியம் இல்லை. பொற்றாசியம்.

உயர்தரத்தில் சாரணுத்திணிவு, அதாவது அணு நிறை, எல்லாவற்றையும் ஓதுகிற மாதிரி ராகத்தோடு பாடமாக்கியவள் நான். ஐதரசன் ஒன்று, ஒட்சிசன் பதினாறு, சோடியம் இருபத்து மூன்று, பொற்றாசியம் முப்பத்தொன்பது. விளங்கிப் படிக்கவில்லை, பாட்டாகப் படித்தேன். இரசாயனவியலில் 'எஸ்' எடுத்தேன், மயிரிழையில் பாஸ். கம்பஸ் கிடைக்காமல் போனது அந்த எஸ்ஸால்தான். மூல் கணக்கு என்றால் அப்போது காய்ச்சல் வரும்.

இன்று பாட்டு தானாக வாயில் வந்தது. கரித்துண்டால் கொட்டில் சுவரில் எழுதினேன்.

சோடியம் ஐதரொட்சைட்டு: 23 + 16 + 1 = 40.
பொற்றாசியம் ஐதரொட்சைட்டு: 39 + 16 + 1 = 56.

ஒரு மூல் இது நாற்பது கிராம். ஒரு மூல் அது ஐம்பத்தாறு கிராம். இரண்டிலும் இருக்கிற துணிக்கைகளின் எண்ணிக்கை ஒன்றேதான், அந்த அவகாதரோ எண், ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று பூச்சியம் போடுகிற எண். பொற்றாசியம் அணு ஆள் பாரம், அவ்வளவுதான். எண்ணெய் என்ன தராசா வைத்திருக்கிறது? அது நிறையைப் பார்ப்பதில்லை, ஆட்களை எண்ணுகிறது. நூற்றெண்பது கிராம் என்றால் சோடியத்தில் நாலரை மூல். பொற்றாசியத்தில் மூன்று மூலுக்குக் கொஞ்சம் மேல். நாலரைப் பேருக்குச் சமைத்த பந்தியில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தால் மிச்சம் கிடக்காதா? மேலே மினுமினுத்த எண்ணெய் அந்த மிச்சம்.

நாலரை மூலுக்கு 4.5 × 56 = 252. போட்டது 180. குறைவு 72 கிராம்.

எழுபத்திரண்டு. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு விளங்குகிறது. பரீட்சை மண்டபத்தில் விளங்காதது கொட்டிலில் விளங்கியது. சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து வீட்டுக் கோழி ஓடியது.

இவர் தொப்பியோடு வந்து சுவரைப் பார்த்தார். "கரியால கிறுக்கிற பழக்கம் எப்ப வந்த?" வெள்ளிக்கிழமைச் சாப்பாடு பிந்திவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஜனவரி 31, சனி

கல்முனை. பஸ்ஸில் நெரிசல். முதலில் கடைக்குப் போனேன்.

கடைக்கார ஹாஜியார் நல்ல மனிசன். தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் கோஸ்டிக்தானே தங்கச்சி. வடிகான் கழுவிறவங்க ஒண்டும் சொல்லல்லயே."

"வடிகானுக்குச் சரி ஹாஜியார். சவுக்காரத்துக்குக் கணக்கு வேற. சோடியம் இரிக்கா?"

"இல்ல தங்கச்சி. லொறி வர இன்னும் ரெண்டு கிழமையாகும். மட்டக்களப்பிலயும் இல்லையாம்."

இரண்டு கிழமை என்றால் கல்யாணத்துக்கு முதல் நாள். இன்னொரு தகரம் பொற்றாசியத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த வழியில் கையுறை, ஏலக்காய்.

பின்நேரம் பரிசோதனை. பசையில் ஒரு கிலோ எண்ணெய்ப் பங்கு மட்டும் எடுத்து எவர்சில்வர் பானையில் (அலுமினியம் கூடாது, கோஸ்டிக் தின்றுவிடும்). சிறுதீ. 72 கிராம் கரைத்து ஊற்றிக் கிளறினேன். கை வலி. கோப்பையில் சுடுதண்ணீர் எடுத்து பசையின் ஒரு துளியை விட்டுப் பார்த்தால், இன்னும் மேலே மெல்லிய எண்ணெய் வளையம்.

மனம் விட்டுப்போனது. கணக்குப் பிழையா?

பிறகு தகரத்துக்குள் பார்த்தேன். செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி வியர்த்துக் கிடக்கின்றன. கடற்கரைக் காற்று, இது ஈரத்தை உறிஞ்சுகிற சாதி. நான் நிறுத்த எழுபத்திரண்டில் தண்ணீரும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கணக்கு சரி, நிறுத்ததில் கள்ளப் பாரம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். வளையம் மெலிந்தது, உடைந்தது, இல்லாமல் போனது. தண்ணீர் பளிங்கு.

அல்ஹம்துலில்லாஹ். எண்ணெய் மிச்சமில்லை.

ஆனால் பசை பசைதான். பொற்றாசியச் சவர்க்காரம் மென்மையாகத்தான் இருக்கும். இப்போது நல்ல பசை, முந்தியது கெட்ட பசை. கல்யாண வீட்டில் பசையைக் கரண்டியால் அள்ளியா கொடுப்பது?

பெப்ரவரி 1, ஞாயிறு

மப்பு. காகம் கத்துகிறது. தலையிடி.

காலையில் பிட்டு அவிக்கும்போது மாவுக்கு உப்புத் தண்ணீர் தெளித்தேன். தெளித்த கை அப்படியே நின்றது.

உப்பு. சோடியம் குளோரைட்டு. இரண்டு கிழமை லொறியைப் பார்த்திருக்கிறேன், சோடியம் குசினிச் சட்டியில் கிடக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் சவர்க்காரம் செய்த அன்றும் கடைசியில் டீச்சர் உப்புக் கரைசல் ஊற்றினார், வெள்ளையாகத் திரண்டு மேலே வந்தது. அன்று நான் பின்வரிசையில் கதைத்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, கண்ணாவது பார்த்திருக்கிறது. உப்பில் இருக்கிற சோடியம் உள்ளே வந்தால், பொற்றாசியம் தண்ணீரோடு போகும். சோடியச் சவர்க்காரம் கட்டி.

உப்பு ஒரு மூல் 23 + 35.5 = 58.5. நாலரை மூலுக்கு 263 கிராம். பிட்டை இவர்தான் இறக்கினார்.

பசையை மூன்று லீட்டர் சுடுதண்ணீரில் கரைத்து, 263 கிராம் உப்பு துல்லியமாக நிறுத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சி மாதிரி நின்றது. பொறுத்தேன். கிளறினேன். ஓதி ஊதவும் செய்தேன். கஞ்சி.

பகல் சாப்பாட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இவருக்குச் சமாதானம் சொல்ல வராது, போட் கதைதான் வரும்.

"உன்ட சவுக்காரத்துக்கு போட்காரன்கள் எல்லாம் பைத்தியம் புள்ள. கடைச் சவுக்காரம் கடல் தண்ணியில நுரைக்காது, தயிர் மாதிரித் திரண்டுபோகும். உன்டது மட்டும் கடல் தண்ணியிலயும் நுரைக்கும். அதால போன ட்ரிப்புக்கும் ஒரு கட்டி கேட்டான்கள்."

சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

"திரும்பச் சொல்லுங்க."

"என்னத்த?"

கடல் உப்புக்கு என் சவர்க்காரம் அசையாது. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் அப்படிப்பட்ட பிடிவாதக்காரி. நான் போட்ட உப்போ லீட்டருக்குக் கடலைப்போல இரண்டரை மடங்குதான். ஆள்மாற மூல் கணக்குப் போதும், வெளியே தள்ள அது போதாது. தண்ணீர் இனி வேண்டாம் என்று சொல்லும் வரைக்கும் உப்புப் போட வேண்டும்.

வீட்டில் அவ்வளவு உப்பு இல்லை. கடை பூட்டு. நாளைக்கு.

பெப்ரவரி 2, திங்கள்

வந்துவிட்டது. வந்துவிட்டது.

ஒழுங்காக எழுதுகிறேன். காலையில் கல்லுப்புப் பொட்டலங்கள், கடைக்காரப் பெண் கேட்டாள், "கருவாடு போடப் போறீங்களா ராத்தா?" அதே கஞ்சியை மறுபடி சூடாக்கி, பிடி பிடியாக உப்பு. கரைந்தது. இன்னும். கரைந்தது. இன்னும். பிறகு அடியில் உப்பு கரையாமல் கரகரவென்று கிடக்கத் தொடங்கியது. அந்த நேரம் கஞ்சி நடுவில் கிழிந்தது. வெள்ளைத் துணுக்குகள். ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாது. எல்லாம் மேலே எழும்பி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆடையாகத் திரண்டது. கீழே கலங்கல் தண்ணீர் தனியாக.

"இஞ்ச வாங்க, கெதியா வாங்க" என்று நான் போட்ட சத்தத்துக்கு இவர் தீப்பிடித்ததென்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

அள்ளித் துணியில் வடித்தேன். புதிய உப்புக் கரைசலில் இன்னொரு தடவை அலசினேன், ஒளித்து நிற்கிற பொற்றாசியமும் வெளியே போகட்டும் என்று. பிழிந்து தேங்காய்ச் சிரட்டையில் அமத்தி வைத்தேன். மஃரிபுக்கு முன் தட்டினேன். டக் என்றது.

சந்தோஷம். வாப்பா இந்த வீட்டுத் திறப்பைக் கையில் தந்த நாளில் இருந்த மாதிரிச் சந்தோஷம். அணுவைக் கண்ணால் காண முடியாது. ஆனால் நான் இன்று எண்ணினேன், எண்ணி ஆள் மாற்றினேன், கோடி கோடி பொற்றாசியத்தை வெளியே அனுப்பிக் கோடி கோடி சோடியத்தைக் கூப்பிட்டு இருத்தினேன். சொன்னபடி வந்து இருந்தன.

இவர் கட்டியைத் தட்டிப் பார்த்தார், நிலத்தில் போட்டுப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு அளவு நாடாவை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

பெப்ரவரி 5, வியாழன்

இரண்டு நாள் எழுதவில்லை. மற்ற ஒன்பது பங்கும் முடிந்தது. முதுகு இல்லை. கை முழுக்க உப்பு வெடிப்பு, எண்ணெய் பூசியிருக்கிறேன்.

மாமி வந்தார், பையில் கடைச் சவர்க்காரம் ஒன்றோடு, மாதிரிக்கு. நான் ஒரு கட்டியைக் கையில் கொடுத்தேன். மேசையில் தட்டினார். மணந்தார், ஏலக்காய். கிணற்றடிக்குப் போய் முழங்கை வரை நுரைத்துக் கழுவிவிட்டு வந்தார்.

"அப்ப அண்டைக்கு ஏன்கா வட்டலப்பமாப் போன?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நோன்பு வரப்போகிறது, பெருநாள் தானமான பித்ராவும் அதை அளக்கிற ஸாவுப் படியும் ஞாபகம் வந்தன.

"மாமி, பெருநாளைக்கு ஆளுக்கு ஒரு ஸாவு அரிசி பித்ரா குடுக்கிறோமே. ஒரு ஸாவு பேரீச்சம்பழமும் ஒரு ஸாவு அரிசியும் தராசில ஒரே நிறையா வருமா?"

"எப்படி வரும்? அளவு ஒண்டுதான், நிறை வேற வேற."

"அதுதான் மாமி. சோடியமும் பொற்றாசியமும் அப்படித்தான். நான் அரிசியப் பேரீச்சம்பழத்திட நிறைக்கு நிறுத்துப் போட்டுட்டன்."

மாமி கட்டியைக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"அப்ப ஸாவு குறைஞ்சி போச்சி. பித்ரா நிறைவேறல்ல."

"ஓம் மாமி."

"இவ்வளவுதானா? இதுக்கா பள்ளிக்கூடத்தில புள்ளயளப் போட்டு அடிக்கிறானுகள்?"

ஸாவு கொள்ளளவு, மூல் எண்ணிக்கை. இரண்டும் முழுக்க ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் டீச்சர் இப்படித் தொடங்கியிருந்தால் நான் பின்வரிசையில் கதைத்திருக்க மாட்டேன்.

மாமி கடைச் சவர்க்காரத்தை மறந்துவிட்டுப் போனார். துணி தோய்க்க வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 12, வியாழன்

வெயில், நன்றாகக் காய்கிறது. கட்டிகள் கல்லாக. ஸஹ்ரா வந்து நாள் முழுக்க என்னோடு கடதாசி சுற்றினாள். மருதாணி போடவா என்று கேட்டதற்கு "சுத்தி முடிச்சிட்டுப் போடுவம் மதினி" என்றாள். மணப்பெண் கையில் சவர்க்கார மணம்.

மிச்சம்: நாடா இரண்டு சுருள், இவர் சாரன் இஸ்திரி, என் அபாயாவுக்கு ஊசி.

பெப்ரவரி 15, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. கால் வீக்கம். பிரியாணி நல்லம், உப்பு கொஞ்சம் தூக்கல். (உப்பைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது.)

பெண்கள் பக்கத்தில் கேட்டவை:

"இத அவட மருமகளா செஞ்ச? சாய்ந்தமருதுப் புள்ளயா?"

"எனக்கு ரெண்டு தா, வீட்ட மகள் இரிக்கா."

"என்னமோ உப்புப் போட்டுச் செய்யிறயாம், எங்கட மாமி சொன்னா."

மாமி ஒரு வட்டத்துக்கு நடுவில் நின்று, கையில் கட்டியை உயர்த்திப் பிடித்து, "இதில ஸாவு சரியா இரிக்கு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நெஞ்சு நிறைந்து கண்ணும் நிறைந்தது. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு இதைவிடப் பெரிதாக இருந்திருக்குமோ தெரியாது. இருந்திருக்காது.

மாப்பிள்ளை கத்தாருக்குக் கொண்டுபோக நாலு கட்டி கேட்டிருக்கிறார்.

பெப்ரவரி 17, செவ்வாய்

மழை. நோன்புக்குப் பிறை பார்க்கிற கதை எங்கும்.

இவர் லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கொட்டில் பூட்டியிருக்கிறது, திறப்பு என் இடுப்பில். மாமரத்தடியில் எஞ்சின், மேலே தறப்பாள். தறப்பாளுக்கு மேலே மழை. ஆள் வாசலில் நனைந்துகொண்டு.

"புள்ள, ஒரு மூலையில கொஞ்சம் இடம் தாவன்."

"தாறன். ஒரு மூல் காத்துக்கு எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவு."

"அது எவ்வளவு?"

"இருபத்திரண்டு தசம் நாலு லீட்டர்."

அவர் கணக்குப் பார்த்தார். எண்ணெய் ஊற்றிப் பழகிய கை, காற்றிலேயே ஒரு கேன் அளவைக் காட்டியது.

"அது ஒரு மண்ணெண்ணெய்க் கேன்தானே."

"ஓம்."

கொட்டிலைத் திறந்துவிட்டேன். சுவரில் இன்னும் கரியால் எழுதிய நாற்பதும் ஐம்பத்தாறும். அதை நின்று வாசித்தார், இந்தமுறை கிறுக்கல் என்று சொல்லவில்லை. போய், ப்ளக் பெட்டியை மட்டும் எடுத்துவந்து மூலையில் வைத்தார். அளந்து பார்த்தேன். ஒரு மூலுக்குள் அடங்குகிறது.